முந்நூற்று நாற்பது கிலோ அதிகம்

7,840 கிலோ. எடைமேடையின் சிவப்பு எண்கள் ஒருமுறை 7,860 வரை துள்ளி, இறங்கி, அங்கே வந்து நின்றன. அந்த வண்டி 7,500க்கு மேல் ஒரு கிலோ கூட இருக்கக் கூடாது.

"சீட்டு அடிச்சிரட்டுமா?" எடைமேடைக்காரப் பெண் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஒரு நிமிஷம். நான் வேணா இறங்கிக்கவா?"

"நீங்க இறங்கினா முந்நூத்தி நாப்பது குறைஞ்சிடுமா? ஆள், தண்ணி, டீசல் எல்லாம் சேர்த்துத்தான் எடை. மொத்தம் எத்தனை பேர் போறீங்க?"

"ரெண்டு பேர்."

"இன்னொருத்தர் எங்க?"

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் வலது கையை மட்டும் தூக்கி ஆட்டினார். "இங்கதாம்மா இருக்கேன். நான் வெறும் அம்பத்தெட்டு கிலோதான். மிச்சமெல்லாம் இவர் செஞ்ச வேலை."

ஓட்டிவந்தவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் ‘பன்னெண்டு’. லிஃப்டைத் தூக்கும் கயிறுகள், தூக்க வேண்டிய எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. மற்ற மெக்கானிக்குகள் அதை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். கூடத்துச் சுவர்க் கடிகாரம் நான்கு போல்ட்டில் தொங்கியது. சமையலறை அலமாரித் தட்டில் இரண்டு பேர் ஏறி நின்று வெள்ளையடிக்கலாம். மகளுக்கு வரன் பார்த்த காலத்தில், "மாப்பிள்ளை எத்தனை கிலோ தாங்குவார்னு அப்பா கேட்டுடாம பாத்துக்கம்மா" என்று மகள் அம்மாவிடம் தனியாகச் சொல்லிவைத்தாள்.

அந்த அம்மாவுக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு: தபாலம்மா. தலைமைத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் கூடத்தில் இருபத்தொன்பது வருடம். அவர் முன்னால் எட்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு மரப் பொந்துகள். ஒவ்வொரு பொந்தும் ஓர் ஊர். கண் விலாசத்தைப் பார்க்கும், கை தானாகப் போகும். நாளாக ஆக அவருக்கு ஊர்ப் பெயர்கள் மறந்து, வரிசையும் எண்ணும்தான் ஊராக நின்றன. மூன்றாம் வரிசை ஏழுக்கு எப்போதும் தடித்த உறைகள் வரும், அங்கே வழக்கு ஓயாது போலிருக்கிறது. அஞ்சாம் வரிசை கடைசிக்கு வாரத்துக்கு இரண்டே கடிதம், இரண்டும் ஒரே கையெழுத்து. "அந்த ஊர்ல அப்படி யாருதான் இருக்காங்கன்னு ஒருதரம் போய்ப் பாக்கணுங்க" என்பார். ஓய்வு பெற்றதும் நூற்றுப் பன்னிரண்டு ஊரையும் பார்ப்பது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு நாள் காலை வீட்டுக் குளியலறையில் தபாலம்மா விழுந்தார். பக்கவாதம். பன்னெண்டு அப்போது வேறொரு கட்டடத்தில் ஏழாவது மாடியில் இருந்தார். நாற்பது நிமிடம் தபாலம்மா தனியாகக் கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். பன்னெண்டு போட்ட கதவு என்பதால் உடைக்க நேரமாயிற்று. மனைவி உயிர் பிழைத்ததற்கு அந்த வீட்டுக்காரர்களின் கடப்பாறைக்கு இன்றும் பன்னெண்டு மனதுக்குள் கும்பிடு போடுகிறார். தபாலம்மாவின் இடது கையும் காலும் பழையபடி திரும்பவில்லை. கைத்தடியோடு பத்து அடி, அதற்கு மேல் சக்கர நாற்காலி. அன்றிலிருந்து நான்கு வருடமாகப் பன்னெண்டு மனைவியை விட்டுக் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் போனதில்லை.

ஊர் பார்க்கும் ஆசை மட்டும் போகவில்லை. ரயிலில் ஒருமுறை போனார்கள். தங்கும் விடுதியின் குளியலறைக் கதவு நாற்காலியைவிட நான்கு விரல் குறுகலாக இருந்தது. மறுநாளே திரும்பினார்கள். வீடு போல அமைத்து விற்கும் சுற்றுலா வேன்களையும் போய்ப் பார்த்தார்கள். நாற்காலி உள்ளே போகும், திரும்ப முடியாது. "போனா ரிவர்ஸ்லதான் வெளிய வரணுமாம். நான் என்ன லாரியா?" என்று கேட்டுவிட்டு, சொன்ன வார்த்தையிலேயே தபாலம்மா நின்றார். "ஏங்க, லாரியே வாங்கினா என்ன?"

ராணுவக் கிடங்கில் ஓய்வு பெற்ற வண்டிகளை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். பெட்டி போல மூடிய பின்புறம் கொண்ட தகவல் தொடர்பு வண்டி ஒன்று மூலையில் நின்றது. சுவர்கள் நெட்டுக்குத்தாக, உள்அகலம் இரண்டு மீட்டர் முப்பது. ஆனால் தளம் தரையிலிருந்து ரொம்ப உயரம்: ஒரு மீட்டர் முப்பத்தைந்து. வாசலில் நின்ற நான்கு சிப்பாய்கள் யாரும் சொல்லாமலே வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். தபாலம்மா ஒரு முழு வட்டம் சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை. உள்சுவரில் ‘உரக்கப் பேசாதே’ என்று எழுதியிருந்தது. "இதை அழிக்க வேண்டாம், இவருக்கு உதவும்" என்றார். வண்டி முடிவானது. கிடங்குப் பொறுப்பாளர் அதன் கையேட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

நூற்று எண்பது நாளுக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் அது ராணுவ வண்டி இல்லை, வசிக்கும் வண்டி என்று சோதனை அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கிடங்குக்கே திரும்பும், அங்கே வெட்டிப் பழைய இரும்பாக்கிவிடுவார்கள். 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண உரிமம் போதும். தாண்டினால் கனரக உரிமம் வேண்டும். அதற்கு இரண்டு கண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். பன்னெண்டுவின் இடது கண்ணில் ஒன்பது வருடம் முன்பு இரும்புத் துகள் பாய்ந்திருந்தது. வீட்டில் வேறு ஓட்டுநர் கிடையாது.

எடை போட்டது சனிக்கிழமை. சோதனை வெள்ளிக்கிழமை. அனுமதியும் அன்றோடு முடிகிறது.

ஞாயிறு காலை தபாலம்மாவை மகள் பட்டறைக்கு அழைத்துவந்தபோது, பன்னெண்டு படுக்கைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது கயிறு என்பவரின் பட்டறை. ஆளும் கயிறு போல நெட்டை, வேலையும் லிஃப்ட் கயிறு மாற்றுவது. முப்பது வருடச் சிநேகிதர். வண்டி நிறுத்த முற்றத்தைக் கொடுத்து, ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"படுக்கை, சமையல் மேடை, தண்ணி டேங்க் மூணையும் எடுத்துட்டா எடை சரியா வரும்."

"அப்போ எங்க படுக்கறது?"

"போற இடத்துல பாத்துக்கலாம்."

"சாப்பாடு? தண்ணி?"

"போற இடத்துல..."

"லிஃப்டை மட்டும் சுமந்துகிட்டு ஊர் ஊராப் போய் என்ன செய்யப் போறோம்? டிக்கெட் போட்டுக் காட்டப் போறோமா?"

கயிறு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்த லிஃப்ட்தான் சங்கதி. தளம் உயரமாக இருக்கிறது என்றால் வேறு யாராக இருந்தாலும் லாரிகளில் சரக்கு ஏற்றும் மடிப்புப் பலகை ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் என்றால் லிஃப்ட்தான். வண்டியின் பின்பக்கம் இரண்டு தண்டவாளம், மேலே உருளைகள், கயிறு, சின்ன மோட்டார், ஒரு பக்கம் ஆள் ஏறும் மேடை, மறு பக்கம் எதிர் எடை. பத்து மாடிக் கட்டடத்துக்குச் செய்வதை ஒன்றரை மீட்டருக்குள் செய்துவிட்டார். எதிர் எடைக்கு ஏழு வார்ப்பிரும்புக் கட்டிகள், ஒன்று இருபத்தொன்பது கிலோ. கட்டடத்தில் அது சுவருக்குள் தொங்கும், யாருக்கும் பாரமில்லை. இங்கே இருநூற்று மூன்று கிலோ இரும்பு, வண்டியோடு ஊர் சுற்ற ஏறி உட்கார்ந்திருந்தது. ஆறு மாதத்தில் பன்னெண்டுவுக்கும் அது தோன்றவில்லை, கயிறுக்கும் தோன்றவில்லை. எதிர் எடை இல்லாத லிஃப்டை அவர்கள் இருவரும் கனவில்கூடப் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க" என்றார் தபாலம்மா. "ஒரு ஆணி விடாம. நான் பிரிச்சுத் தரேன்."

"லிஃப்டுல கை வைக்க விட மாட்டேன்."

"கை வைக்கல. வெளிய வைங்க, அவ்வளவுதான்."

மகள் முற்றத்தில் சுண்ணக்கட்டியால் மூன்று பெரிய கட்டங்கள் போட்டாள். போகும், போகாது, விலாசம் சரியில்லை. தபாலம்மா நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் காட்டினார். கயிறு கொக்கித் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எடையைக் கூவினார்.

"பிரிக்கறவ கடிதத்தைப் படிக்கக் கூடாது. அது அழகா இருக்கா, யார் எழுதினாங்கன்னெல்லாம் பாக்கக் கூடாது" என்றார் தபாலம்மா. "எங்க போகணும், அது ஒன்னுதான். சொல்லுங்க, இந்தக் கதவுக்குப் பின்னாடி ஏன் இன்னொரு கதவு?"

"முதல் கதவு ஓட்டத்துல திறந்துகிட்டா?"

"ரெண்டாவதும் திறந்துகிட்டா?"

பன்னெண்டு யோசித்தார். "மூணாவது வைக்கலாம்னுதான் இருந்தேன்."

"இருபத்தெட்டு!" என்று கூவினார் கயிறு. கதவு ‘போகாது’ கட்டத்துக்குப் போனது. படுக்கைக்கு அடியில் இருந்த இரட்டை ஆங்கிள் இரும்பு முப்பத்தெட்டு. ஒரு போல்ட் போதுமான இடத்தில் போட்ட நான்கு போல்ட்டுகளில் மூன்று மூன்றாகக் கழற்றியதில் ஒரு வாளி நிறைந்தது: பத்தொன்பது. மொத்தம் எண்பத்தைந்து. இன்னும் இருநூற்று ஐம்பத்தைந்து வேண்டும். முற்றத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் தேவையான பொருள்கள். 

‘போகும்’ கட்டத்தின் ஓரத்தில் ஏழு இரும்புக் கட்டிகளும், பக்கத்தில் வண்டியின் ஸ்டெப்னியும் கிடந்தன. ராணுவ வண்டியின் மாற்றுச் சக்கரம் லேசுப்பட்டதல்ல. நிற்க வைத்தால் மகளின் மார்பு உயரம் வரும். தபாலம்மாவின் தடி அங்கே போய் நின்றது.

"இந்தச் சக்கரம் நாள் முழுக்க என்ன வேலை செய்யும்?"

"பஞ்சர் ஆனா உதவும்."

"ஆகாத நாள்ல?"

"சும்மா தொங்கும்."

"இந்தக் கட்டிங்க?"

"லிஃப்ட் ஏறி இறங்கறப்போ..."

"மத்த நேரம்?"

"சும்மா தொங்கும்" என்றார் பன்னெண்டு.

"சும்மா தொங்கறதுக்கு எதுக்குங்க ரெண்டு பேரு? எங்க ஆபீஸ்ல இப்படி இருந்தப்போ ஒருத்தரை மாத்திட்டாங்க."

கயிறு தராசைக் கீழே போட்டார். பன்னெண்டு, கவிழ்ந்து கிடந்த காலி வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே சமயத்தில் பாய்ந்து, கட்டிகளுக்குப் பதிலாகத் தொங்கப்போகும் சக்கரத்தைத் தராசின் கொக்கியில் மாட்டினார்கள்.

"நூத்தி நாலு!"

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். லிஃப்ட் என்பது கடைத் தராசு மாதிரி. ஒரு தட்டில் மேடை, மறு தட்டில் எதிர் எடை. மோட்டார் லேசாகச் சாய்த்துவிடும். எதிர் எடை, மேடையின் எடையோடு அது தூக்கும் பாரத்தில் பாதியும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மேடை நூற்று இருபத்தெட்டு கிலோ எஃகு. தூக்கும் பாரம் நூற்றைம்பது, அதில் பாதி எழுபத்தைந்து. இரண்டும் சேர்ந்து இருநூற்று மூன்று. நூற்று நான்கு கிலோச் சக்கரம் அதில் பாதிக்குத்தான் வரும்.

"அலுமினியத்துல மேடை செஞ்சா?" என்றார் கயிறு.

"பாரம் நூத்தம்பது இருக்கற வரைக்கும் மெல்லிசா செய்ய முடியாது."

"நூத்தம்பது எதுக்குங்க?" என்று தபாலம்மா கேட்டார். "நானும் நாற்காலியும் சேர்ந்தா எழுபத்தாறு. மிச்சம் யாரு?"

பன்னெண்டு வாளியைப் பார்த்துச் சொன்னார். "நீ ஏறும்போது பக்கத்துல நான் நிக்க வேண்டாமா?"

 மகள் சுண்ணக்கட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாலு வருஷமா நான் எங்க திரும்பினாலும் உங்க மூக்குதாங்க தெரியுது" என்றார் தபாலம்மா. குரலில் கோபம் இல்லை. "நல்ல மூக்குதான். அது இல்லன்னா நான் இன்னைக்கு உக்காந்தே இருக்க மாட்டேன், தெரியும். ஆனா மேல போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபத்திரண்டு செகண்ட்."

"அந்த இருபத்திரண்டு செகண்ட் நான் தனியா இருக்கேனே. எனக்கு ஆசையா இருக்கு."

"கீழ விழுந்தா?"

"லிஃப்ட் கயிறைத் தொட வேண்டாம். பன்னெண்டு மடங்கே இருக்கட்டும். எத்தனை கிலோ அது?"

"நாலு" என்றார் கயிறு.

"அது போகும். இந்த ஆள் பாரம்தான் விலாசம் சரியில்ல" என்று தடியால் கணவனைக் காட்டினார்.

பன்னெண்டு சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்டவாளத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். ஆயிரக்கணக்கான பேரை முன்பின் தெரியாமல் தனித்தனியாக மேலே அனுப்பியவர் அவர். அத்தனை பேருக்கும் கயிறுகள் பல இருந்தன. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அதில் பாதி அறுந்து மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டே நான்கு வருடம் நின்றதில், பிடி இறுகியதை அவர் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது கயிறிடம் கேட்டார்: "பால் டேங்கர் பட்டறையில அந்த வெல்டரம்மா இருக்காங்களா இன்னும்?"

இருந்தார். பால் வண்டிக்கு அலுமினியம் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எண்பது கிலோ பாரத்துக்கு ஒரு மேடை, நாற்காலி உருளாமல் இருக்க ஓரத்தில் ஒரு மேடு, பிடித்துக்கொள்ள வலது பக்கம் மட்டும் ஒரு கம்பி. இருந்த வேலையைத் தள்ளிவைத்து, புதன்கிழமை மாலை கொண்டுவந்து இறக்கினார். அறுபத்து நான்கு கிலோ. அதோடு எண்பதில் பாதியான நாற்பதைக் கூட்டினால் நூற்று நான்கு. கயிறு மூன்று முறை நிறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்படி ஒரு எடை பொருந்தி நான் பாத்ததில்ல" என்றார்.

"வழியில ஸ்டெப்னியைக் கழட்டி மாட்ட வேண்டி வந்தா லிஃப்ட் என்னப்பா ஆகும்?" என்று மகள் கேட்டாள்.

"பஞ்சரான சக்கரத்தை அங்க மாட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் பன்னெண்டு. "காத்துப் போனா எடையும் போயிடுமா என்ன?" ஒரு வாரத்தில் அவர் அடித்த முதல் பகடி அது.

வியாழன் காலை மணல் மூட்டை முப்பது தடவை ஏறி இறங்கியது. பிறகு கயிறு, "பிள்ளை குட்டிக்காரன் நான்" என்று புலம்பிக்கொண்டே ஏழு தடவை. பிறகு தபாலம்மா நாற்காலியை மேடையில் ஏற்றி, வலது கையால் கம்பியைப் பிடித்தார். விட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்த முடியும். விட்டார், அழுத்தினார். பின்னால் பெரிய சக்கரம் மெதுவாக இறங்க, மேடை மெதுவாக ஏறியது. பன்னெண்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கீழே நின்றார். பாதி வழியில் கை எட்டவில்லை; இரண்டையும் கீழே போட்டார்.

மேலே போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே உருண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னம்மா செய்யற?" என்று மகள் கத்தினாள்.

"உரக்கப் பேசாதே" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. பன்னெண்டு மணல் மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தார். மேடை ஓடுவதைப் பார்க்க வந்திருந்த வெல்டரம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை அவர் ஆறவிடாமல் முழுதாகக் குடித்தார். நான்கு வருடத்தில் அப்படிக் குடித்ததாக அவருக்கு நினைவில்லை.

வெள்ளி காலை எடைமேடை 7,488 காட்டியது. எடைமேடைக்காரப் பெண் சாவடியை விட்டு வெளியே வந்தே சீட்டைக் கொடுத்தார். சோதனை அதிகாரி வண்டியின் அடியில் படுத்து, விளக்கைத் தட்டி, அடுப்பைத் திறந்து, கடைசியில் பின்பக்கம் வந்து நின்றார்.

"இது என்ன?"

"லிஃப்ட் சார்."

"லாரியிலயா? நான் ஒருதரம் ஏறிப் பாக்கட்டுமா?"

பன்னெண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க எடை?"

"தொண்ணூத்தி அஞ்சு."

"முடியாது சார். ஒரு ஆளுக்கு மட்டும்தான் செஞ்சது."

அதிகாரி கொஞ்சம் முகம் சுருங்கினாலும் முத்திரை குத்தினார்.

அன்று மாலை பன்னெண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். முப்பத்தொரு வருடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்று அவரைக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். ஓடுகிறது என்று சொல்ல ஒருவரும் கூப்பிட்டதில்லை; அவரும் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. வெல்டரம்மாவிடம், கிடங்குப் பொறுப்பாளரிடம், கடப்பாறை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "ஓடுதுங்க. ரொம்ப நன்றி." பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் புறம்தான் இருந்தார். போனை வைத்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

புது எண் பலகை புதன்கிழமை வரும். வியாழன் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறார்கள். முதல் நாள் நூற்று அறுபது கிலோமீட்டர், அஞ்சாம் வரிசை கடைசி வரைக்கும்.